பாதியாக வந்தால் அது வண்டி இல்லை

அந்த வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள் என் முதலாளியான தவுக்கே என்னைத் துறைமுகத்துக்கு அழைத்துப்போனார். பட்டர்வொர்த் பக்கம், கொள்கலன்களை இறக்கி வைக்கும் இடம். ஒரு கொள்கலனின் கதவு திறந்திருந்தது. உள்ளே கார்களின் பாதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மூக்குப் பக்கம் தனி, வால் பக்கம் தனி. ஒன்றை மட்டும் வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். அதன் கூரையையும் கதவுத் தூண்களையும் ஜப்பானிலேயே அறுத்துவிட்டார்கள். அடித்தட்டை அறுக்காமல் விட்டிருந்தார்கள். சுங்க அதிகாரி குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, இது இன்னும் கார்தான் என்று மலாயில் சொன்னார்.

தவுக்கே என் கையில் இரும்பு அறுக்கும் கிரைண்டரைக் கொடுத்தார். வெயிலில் மண்டியிட்டு நாற்பது நிமிடம் அறுத்தேன். கடைசி இரண்டு அங்குலம் தானாகவே கிழிந்தது. பின்பாதி ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தது. அதிகாரி மறுபடியும் குனிந்து பார்த்தார். இரண்டு துண்டுக்கும் நடுவில் தன் காலை விட்டு நடந்து காட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

நாற்பது நிமிடத்துக்கு முன்னால் அது கார். அதற்கு ஏற வேண்டிய வரி அதன் விலையையே விழுங்கிவிடும். இப்போது அது பழைய உதிரிப் பாகம். நம் நாட்டில் கார் செய்கிறார்கள். அவர்கள் பிழைக்க வேண்டும் என்பதற்காக வெளியிலிருந்து வருகிற கார் மேல் வரியைக் கொட்டுகிறார்கள். இரண்டாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தச் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டபோதுதான் தெரிந்துகொண்டேன்.

அதற்கு முன் நான் செய்த வேலைகளை வரிசைப்படுத்த முடியாது. பைராம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டினேன். மீன்பிடிப் படகில் ஐஸ் உடைத்தேன். லாரியில் மூட்டை இறக்கினேன். ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் பழகினேன். எங்கேயும் இரண்டு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. யாரும் விரட்டவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்திருக்கும்போதே கால் வெளியே நிற்கும், அவ்வளவுதான்.

ஜெலுத்தோங்கில் தவுக்கேயின் யார்டு இருந்தது. பாதி வண்டிகளைப் பிரித்து எஞ்சின், கியர் பெட்டி, விளக்கு, கதவு என்று விற்பார்கள். உள்ளூர்க் காரை வைத்திருப்பவர்கள் வந்து ஜப்பான் எஞ்சினைத் தேடி வாங்கிப் போவார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு ஃப்ளாட்டில் அறை எடுத்திருந்தேன். மேல்மாடியில் வேன்கார அண்ணன் குடியிருந்தார். ஐம்பதை நெருங்கியவர், பெரிய உடம்பு, சின்னக் குரல். விடியற்காலையில் ஃபேக்டரிப் பெண்களை பாயான் லெப்பாசில் இறக்கிவிட்டுத் திரும்பி வருவார். பிறகு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவார். அனுமதி எதுவும் இல்லாத வேன். ஊரில் அதற்குச் 'சாப்பு' என்று பெயர், மலாயில் பெருக்குவது என்று அர்த்தம். பெருக்கித் தள்ளுகிற மாதிரி கிடைக்கிற ஆளையெல்லாம் அள்ளிக்கொண்டு போவதால்.

யார்டுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் அண்ணன் என்னையும் சில நாள் ஏற்றிக்கொள்வார். இடது பக்கம் இழுவைக் கதவு. அந்தக் கதவுக்குப் பக்கத்து இருக்கையில் எப்போதும் ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார். அவர்தான் முதலில் ஏறுகிறவர், கடைசியில் இறங்குகிறவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவை இழுத்துத் திறந்து, ஆள் ஏறியதும் இழுத்து மூடுவார். யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை. கதவு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதன் பக்குவம் அவருக்கு மட்டும் தெரியும். ஃபேக்டரியில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவர். வேனில் உட்காருகிற நேரம்தான் அவருக்கு ஓய்வு, அதிலும் கதவு.

பழைய வேன் செத்துக்கொண்டிருந்தது. அடித்தட்டு துரு ஏறி, மிதியடியைத் தூக்கினால் ரோடு தெரியும்.

"ஏன்ணே, வேற வேன் பார்க்கக் கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஜப்பான்லருந்து முழுசா வர்ற வேன் என்ன விலைன்னு கேட்டுப் பார்த்தியா? அதுல பாதி வரிடா. காடி செய்றவனக் காப்பாத்தணும்னு போட்ட வரியாம். நல்லாக் காப்பாத்தட்டும். நான் காடியா கேக்குறேன்? பன்னெண்டு பேர் ஏத்துற வேன் கேக்குறேன். நான் வாங்குற விலையில அத எவன்லா இங்க செய்றான்?"

கதவுக்குப் பக்கத்திலிருந்து அக்கா சொன்னார்: "நீங்களே செஞ்சிருங்கண்ணே. அப்புறம் நாங்க உங்களக் காப்பாத்துறோம். இப்ப முன்னாடி பார்த்து ஓட்டுங்க, மோட்டார்க்காரன் வர்றான்."

வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் 'செஞ்சிருங்க' என்ற சொல் எனக்குள் தங்கிவிட்டது. யார்டின் பின்பக்கத்தில் ஒரு வெள்ளை வேனின் முன்பாதி கிடந்தது. அதே ரகத்து வேனின் பின்பாதி, வெள்ளி நிறம், அந்த வாரம்தான் வந்திருந்தது. இரண்டும் ஒரே வண்டி இல்லை. ஒரே ரகம், வேறு வேறு வருடம்.

அன்று சாயந்திரம் அண்ணனிடம் நான்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. இதை எழுதியே ஆக வேண்டும். நான்தான் சொன்னேன்.

"ரெண்டையும் பத்த வச்சா ஒரு வேன்ணே."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "பிரியாதே?"

"கப்பலே பத்த வச்சிருக்கேன்," என்றேன். கப்பலில் நான் பத்த வைத்தது கைப்பிடிக் கம்பிகளை. அதைச் சொல்லவில்லை.

தவுக்கேக்கு இரண்டு பாதியும் விற்றால் போதும். இடத்தையும் வெல்டிங் பெட்டியையும் ஞாயிற்றுக்கிழமைகளில் தந்தார். "நான் ஒன்னும் பார்க்கல, ஆ," என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஐந்து ஞாயிறு வேலை செய்தேன். அண்ணன் பக்கத்தில் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருப்பார். பசியாற ரொட்டி சானாய் வாங்கி வருவார். நான் முகமூடியைக் கழற்றும்போதெல்லாம் என் முகத்தைத்தான் பார்ப்பார், வெல்டிங்கைப் பார்க்க மாட்டார். கூரை ஒழுங்காகச் சேர்ந்தது. வலது பக்கத்துச் சட்டத்துக்குள் இரும்புக் குழாய் செருகி, உள்ளும் புறமும் பத்த வைத்தேன். அது இன்னும் இருபது வருடம் நிற்கும்.

இடது பக்கம் சேரவில்லை. வெள்ளி நிறப் பாதியை அங்கே அறுத்தவன் கொஞ்சம் உள்ளே தள்ளி அறுத்திருந்தான். கதவுக்கு அடியில் ஓடும் சட்டத்தில் இரண்டு விரல் இடைவெளி விழுந்தது. அதைச் சரியாகச் செய்ய வேண்டுமென்றால் வேறு ஒரு பின்பாதி வர வேண்டும். அதன் சட்டத்தை நீளமாக அறுத்து எடுத்து இதில் கோக்க வேண்டும். இன்னும் இரண்டு ஞாயிறாவது ஆகும்.

அந்த வாரம்தான் பழைய வேனின் ஓட்டை வழியாக ஒரு பிள்ளையின் காலிலிருந்த சப்பாத்து ரோட்டில் விழுந்தது. சப்பாத்து மட்டும்தான். ஆனால் அந்தப் பிள்ளையின் அம்மா ஃப்ளாட்டுக்கு வந்து, எல்லோரும் கேட்க அண்ணனைத் திட்டிவிட்டுப் போனார். அண்ணன் இறங்கி வந்து என் கதவைத் தட்டினார்.

"திங்கக்கிழமை வேன் வேணும்டா."

"இடது பக்கம் இன்னும் முடியலண்ணே."

"திங்கக்கிழமைக்கு அப்புறம் வேன் இருந்தும் ஏற ஆள் இருக்காதுடா."

இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டைத் தகட்டை அறுத்து இடைவெளியில் வைத்தேன். வெளிப்பக்கம் மட்டும் பத்த வைத்தேன். உள்பக்கம் கை போகாது. கிரைண்டர் போட்டுத் தேய்த்து, பட்டி பூசி, அடியில் கெட்டியாகத் தார் அடித்தேன். தார் அடித்ததும் வலதும் இடதும் ஒன்று போலத் தெரிந்தன. முழு வேனுக்கும் வெள்ளை அடித்து, பழைய வேனின் நம்பரை மாட்டினோம். அண்ணன் சாவியைப் போட்டுத் திருப்பியதும் எஞ்சின் ஒரே தடவையில் பிடித்தது. அவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"இடது பக்கம் மட்டும் ஆறு மாசத்துல பிரிச்சுச் சரியாப் போட்டுத் தரேண்ணே," என்றேன்.

நான்காவது மாதம் ஜொகூருக்குப் போய்விட்டேன். ஒரு கட்டுமான வேலை என்று ஒருவர் கூப்பிட்டார். அங்கிருந்து சிங்கப்பூர். பிறகு சரவாக்கில் ஒரு பாலம். வேனை நான் மறந்துவிடவில்லை. எங்கே மழை கொட்டினாலும் அந்தத் தகடு ஞாபகத்துக்கு வரும். தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகும் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம் ஊருக்குப் போகிறோமே, நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொள்வேன். இப்படி இரண்டு வருடத்துக்கு மேல் போய்விட்டது.

திரும்பி வந்த மறுநாள் காலை ஃப்ளாட்டின் கீழே நின்றேன். வேன் வந்து நின்றது. கதவு இழுபட்டது. அதே அக்கா.

"அட, வேனோட அப்பா வந்துட்டாருலா! இத்தன நாளா பிள்ளைய விட்டுட்டு எங்க போனீங்க?"

உள்ளே ஏறினேன். முன்பு பெண்கள் நெருக்கியடித்து உட்காருவார்கள். இப்போது எண்ணிப் பார்த்தால் ஆறு பேர். கெலுகோர் தாண்டி ஒரு மேட்டில் வேன் ஏறி இறங்கியது. என் காலுக்கு அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம்.

"பாரு, பல்லி சொல்லிருச்சு," என்றார் அக்கா. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் ஏதோ சம்பளம் கூடும் என்று பேசிக்கொண்டிருந்தாள். "சம்பளம் கூடும்னு சொன்னே, உடனே பல்லி சொல்லிருச்சு. அப்ப உண்மைதான்."

"எந்தப் பல்லிக்கா?"

"இந்த வேனுக்குள்ள ஒரு பல்லி இருக்கு தம்பி. மூனு மாசமாக் கத்துது. பார்க்கத்தான் முடியல. யாராச்சும் பேசும்போது கத்தினா அது நடக்கும்னு வச்சிருக்கோம். போன மாசம் இவளுக்கு மாப்பிள்ள அமைஞ்சிருச்சு தெரியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மேட்டில் மறுபடியும் 'டிக்'. அக்கா தன் மடியைத் தட்டி, "கேட்டீங்களா?" என்றார். எந்த இரும்பு அப்படிக் கத்தும் என்று எனக்குத் தெரியும். நான் சிரிக்கவில்லை என்பதை அவர் பார்த்தார். ஊர் சுற்றி வந்ததில் இளைத்துப்போய்விட்டேன், பசியாறவில்லை போல என்று சொல்லி, தன் பொட்டலத்திலிருந்து ஒரு இட்லியை எடுத்துக் கொடுத்தார். வாங்கித் தின்றேன்.

பெண்களும் பிறகு பிள்ளைகளும் இறங்கியதும் நேராக யார்டுக்குப் போகச் சொன்னேன். அடியில் படுத்துப் பார்த்தேன். வலது பக்கம் அப்படியே இருந்தது. இடது பக்கம் தார் உரிந்து தொங்கியது. தகட்டின் ஒரு ஓரம் பாதி விட்டுப்போயிருந்தது. மற்ற ஓரத்தில் ஒரு சாண் நீள வெல்டிங்கில் நான்கு விரல் அளவுதான் பிடித்திருந்தது. விரிசலுக்குள் என் நகம் போனது. துருத் தண்ணீர் நகத்தில் ஒட்டியது.

வெளியே வந்து அண்ணனிடம் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"இன்னைக்கே நிறுத்துண்ணே. ரெண்டு வாரம் குடு. நல்ல சட்டம் போட்டுத் தரேன்."

"ரெண்டு வாரமா?"

"ரெண்டு வாரம்."

அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதில் ஒரு பொய்யும் இல்லை. "பதினோரு பேர் ஏறிட்டு இருந்தாங்கடா. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் அவன் நாட்டு ஃபேக்டரியக் காப்பாத்தணும்னு நம்ம சாமான் மேல வரி போட்டுட்டானாம். இங்க ஃபேக்டரியில ரெண்டு லைன நிறுத்திட்டாங்க. அஞ்சு பேரு வீட்டுல உட்கார்ந்துட்டாங்க. மிச்சம் இந்த ஆறு பேருதான். ரெண்டு வாரம் வேன் வரலன்னா வேற சாப்புல ஏறிடுவாங்க, அப்புறம் திரும்பி வர மாட்டாங்க. பிள்ளைங்களும் அப்படித்தான். நம்ம ஆளு வெளியருந்து வர்ற காடிய நிறுத்த வரி போட்டான், வெளிய இருக்கிறவன் நம்ம சாமான நிறுத்த வரி போட்டான். நடுவுல நான் ஒருத்தன்தான் ஓடிட்டு இருக்கேன். என்னையும் நிறுத்தச் சொல்ற."

துருத் தண்ணீர் பட்ட நகத்தைச் சட்டையில் துடைத்தேன்.

"பள்ளிக்கூட லீவுக்கு மூனு வாரம் இருக்கு. லீவுல யாரும் கேட்க மாட்டாங்க. அப்பப் பிரிச்சுப் போடு. மூனு வாரம் தாங்குமா, தாங்காதா? அத மட்டும் சொல்லு."

ஒரு நல்ல வெல்டரிடம் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. நான்கு விரல் வெல்டிங் பத்து நாளைக்கும் தாங்கலாம், பத்து மாதத்துக்கும் தாங்கலாம். தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும்.

"மெதுவா ஓட்டினாத் தாங்கும்," என்றேன்.

மறுநாள் நானும் அண்ணனும் பேசிவைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்தோம். பிள்ளைகள் எல்லோரையும் வலது பக்கம் உட்காரச் சொன்னோம். இடது பக்கத்து இருக்கைகளில் புத்தகப் பைகளை அடுக்கினோம். பிள்ளைகள் ஏன் என்று கேட்டார்கள். இடது பக்கம் ஸ்ப்ரிங் குத்தும் என்று அண்ணன் சொன்னார். ஒரு பையன் பிடிவாதமாக ஜன்னலோரம் இடது பக்கம் போய் உட்கார்ந்தான். அண்ணன் வேனை நிறுத்தி, இறங்கி வந்து, அதட்டி, அவனைத் தூக்கி வலது பக்கம் வைத்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பெண்களிடமும் வலது பக்கம் உட்காரச் சொன்னார். ஆறு பேரில் ஐந்து பேர் நகர்ந்தார்கள். அக்கா நகரவில்லை.

"நான் அந்தப் பக்கம் போனா கதவ யாரு தொறப்பா? உங்க மாமியாரா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கியரைப் போட்டார். வேன் புறப்பட்டது. எல்லாம் அந்த ஒரு பார்வையில் முடிந்துபோனது என்று இப்போது தெரிகிறது. அப்போது, அக்கா பாட்டுக்கு இருக்கட்டும், மூன்று வாரம்தானே என்று இருந்தது.

இரண்டாம் வாரம் வியாழக்கிழமை நான் வேனில் இல்லை. அண்ணன் சொல்லித்தான் தெரியும். பாயான் லெப்பாஸ் போகிற வழியில் சிவப்பு விளக்கில் வேன் நின்றிருந்தது. பாலிக் புலாவுக்கு டுரியான் பழம் ஏற்றப் போன ஒரு காலி லாரி பின்னால் வந்து தட்டியது. தட்டியது என்றுதான் சொல்ல வேண்டும், இடித்தது என்று சொல்ல முடியாது. லாரியின் விளக்குக் கண்ணாடி கூட உடையவில்லை. வேறு வேனாக இருந்தால் பம்பர் உள்வாங்கியிருக்கும். லாரிக்காரரும் அண்ணனும் இறங்கிச் சண்டை போட்டுக்கொண்டு போயிருப்பார்கள்.

இடது பக்கம் சட்டம் விட்டது. வலது பக்கம் நின்றது. அதனால் வேன் கத்திரிக்கோல் மாதிரி ஒரு பக்கமாக மடங்கியது. கதவுக்கு அடியில் அடித்தட்டு மேலே எழும்பி வந்தது. அக்காவின் வலது கால் அதற்கும் இருக்கையின் இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கதவு திறக்கவில்லை. அதன் பக்குவம் தெரிந்தவர் ஒருவர்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரை எடுத்துப் போய்விட்டார்கள். லாரிக்காரர் ரோட்டோரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். வயதான மலாய்க்காரர், தலையில் குல்லா. போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "பெலான் சாஜா. பெலான் சாஜா." மெதுவாகத்தான் வந்தேன் என்று. யாரும் நம்பவில்லை. வேன் கிடந்த கிடப்பைப் பார்த்தால் எப்படி நம்புவார்கள்? அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தவர்கள் அந்த இடத்தில் இரண்டு பேர் இருந்தோம். பின்னால் வந்து மோதியவர் மேல் தப்பு என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் என் கைகளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

அக்காவின் காலை எடுக்கவில்லை. ஆனால் கணுக்கால் பொடிப்பொடியாகப் போனதில் கம்பி வைத்து அசையாமல் பூட்டிவிட்டார்கள். இனி அது மடங்காது. பன்னிரண்டு மணி நேரம் அதன் மேல் நிற்க முடியாது. ஃபேக்டரி அவருக்காகக் காத்திருக்கவில்லை. அங்கே நிற்கக்கூடியவர்களுக்கே வேலை குறைந்துகொண்டிருந்தது.

நான் மறுபடியும் வேலைக்குச் சேர்ந்திருந்த யார்டுக்கு அண்ணன் வேனை இழுத்து வரச் செய்தார். ஒரு மாதம் அது பின்பக்கத்தில் கிடந்தது. ஒரு நாள் அவர் வந்து அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். எஞ்சினைப் போட்டுப் பார்த்தார். ஒரே தடவையில் பிடித்தது.

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு," என்றார். "வலது பக்கம் அசையவே இல்ல. இப்ப உனக்கு நேரம் இருக்குல்ல? இழுத்து நிமித்தி, சரியான சட்டம் போட்டு, இந்தத் தடவ உள்பக்கமும் பத்த வச்சுக் குடு. எட்டுப் பிள்ளைங்க இன்னும் எனக்காகக் காத்திருக்காங்கடா. அவங்க அம்மாங்க லோரி மேலதான் தப்புன்னு நினைக்கிறாங்க."

அவர் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வேலைக்குப் போகிற மனிதனின் முகம்தான் இருந்தது. அந்த வேன் இல்லாவிட்டால் அவர் யாரும் இல்லை. அதை ஒட்டித் தந்தவன் நான், மறுபடியும் ஒட்டித் தர முடிந்தவனும் நான்.

அன்று பிற்பகல் அக்காவின் வீட்டுக்குப் போனேன். ஆறாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. இனி அவர் எப்படி ஏறி இறங்குவார் என்று படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். கதவு திறந்திருந்தது. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். யாருக்கோ சமையலுக்கு உரித்துக் கொடுக்கிறாராம், ஒரு கூடை நிறைய இருந்தது.

"வாங்க, வேனோட அப்பா," என்றார். "உட்காருங்க. வெங்காயம் கண்ணக் கரிக்கும், அழறேன்னு நினைச்சுக்காதீங்க."

தரையில் உட்கார்ந்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் நடுவிலிருந்து ஆரம்பித்தேன். "அது பல்லி இல்லக்கா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு விரல் இடைவெளியைச் சொன்னேன். தகட்டை, தாரை, ஜொகூரை, நகம் போன விரிசலைச் சொன்னேன். அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் ஒரு வெங்காயத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"பிள்ளைங்கள வலது பக்கம் உட்கார வச்சது, அது தெரிஞ்சுதானா?"

"ஆமாக்கா."

"ஸ்ப்ரிங் குத்தும்னு சொன்னது?"

"பொய்தான்க்கா."

"பையெல்லாம் இடது பக்கம் வச்சீங்க."

"ஆமா."

"பையும் நானும்," என்றார்.

கீழே யாரோ மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போனார்கள். அவர் வெங்காயத்தைக் கூடையில் போட்டார்.

"போலீசுக்குப் போகலாம்க்கா. நான் வர்றேன்."

"போனா நீ உள்ள போவ, அண்ணன் உள்ள போவாரு. அதுக்கப்புறம் என் கால் மடங்குமா?" அதுவரை என்னை நீங்க என்று சொன்னவர் இப்போது நீ என்றார். அது எனக்குச் சரியாகத்தான் பட்டது. "வேன் எங்க இருக்கு?"

"யார்டுலக்கா. அண்ணன் மறுபடியும் ஒட்டித் தரச் சொல்றாரு."

"ஒட்டுனா ஓடுமா?"

"ஓடும்க்கா. இந்தத் தடவ நல்லா ஒட்டலாம்."

"இந்தத் தடவ," என்றார். கத்தியை எடுத்து அடுத்த வெங்காயத்தின் தலையை அறுத்தார். "வெட்டிரு. யாரும் ஒட்ட முடியாத மாதிரி வெட்டிரு. வெட்டிட்டு வந்து சொல்லு. வேற எதுக்கும் இங்க வராத."

மறுநாள் காலை யார்டு திறந்ததும் கிரைண்டரை எடுத்தேன். முதலில் நடுவில் அறுத்தேன், நான் பத்த வைத்த இடத்தின் மேலேயே. இரண்டு பாதியும் பிரிந்ததும் தவுக்கே வந்து பார்த்துத் தலையாட்டினார். முன்பாதியை அலோர் ஸ்டாரில் ஒருவர் கேட்டிருக்கிறார், நல்ல விலை போகும் என்றார். நான் நிறுத்தவில்லை. முன்பாதியைக் குறுக்கே அறுத்தேன். கூரையை இரண்டாக்கினேன். பின்பாதியின் சட்டங்களை ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு துண்டாக அறுத்தேன்.

"ஓய், ஓய்! கீலாகா?" தவுக்கே கத்தினார். பைத்தியமா என்று. "ஹாஃப் இருந்தா விக்கலாம்! இப்படிக் கெச்சில் கெச்சில் துண்டா வெட்டுனா யார் வாங்குவான்? பழைய இரும்புடா இது!"

ஆமாம், பழைய இரும்புதான். முழுதாக இருந்தால் வரி ஏறும், பாதியாக இருந்தால் விலை கிடைக்கும், அதற்குக் கீழே போனால் எடைக்குப் போடுவார்கள். நான் அதற்குக் கீழே போக வேண்டியிருந்தது. அன்றோடு தவுக்கே என்னை யார்டிலிருந்து அனுப்பிவிட்டார்.

அண்ணன் எப்போது வந்தார் என்று கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெயிண்ட் வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைத் தடுக்கவில்லை, திட்டவில்லை. நான் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றியதும் முன்போலவே என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, தரையில் கிடந்த நம்பர் தகட்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசியதில்லை. இப்போது ஒரு கார் நிறுத்துமிடத்தில் காவலுக்கு இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

அவர் போன பிறகு கடைசியாக அந்த இடது பக்கத்துச் சட்டம் மட்டும் இருந்தது. என் தகடு அதில் ஒரு முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. அறுப்பதற்காகக் கிரைண்டரைக் கிட்டே கொண்டுபோய், மற்ற கையால் தகட்டைப் பிடித்தேன். அறுக்க வேண்டியிருக்கவில்லை. பிடித்ததும் கையோடு வந்துவிட்டது.